ரைசன் 5 7600-க்கு ஒரு சிக்கனமான டவர் கூலர்: வாங்கியது, பூட்டியது, அடக்கியது

ஏஎம்டியின் ரைசன் 5 7600 பிராசஸருடன் பெட்டியிலேயே வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரில் ஹீட்பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) கிடையாது. ஓர் அலுமினியக் கட்டி, மேலே ஒரு சின்ன ஃபேன், அவ்வளவுதான். சிப்புக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் வீடியோ என்கோடிங் மாதிரி எல்லா கோரும் ஓடும் வேலை வந்தால் ஃபேன் கத்தத் தொடங்கிவிடும். அதைக் கழற்றிவிட்டு, நான்கு ஹீட்பைப்பும் 120 மிமீ ஃபேனும் உள்ள ஒற்றை டவரை (நிமிர்ந்து நிற்கும் ஒரே தகடு அடுக்குள்ள கூலர்) போட்டுப் பார்த்ததில் தேறியவை கீழே.

வாட் கணக்கு

பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிடிபியை (சிப்பின் வெப்பத்துக்குக் கம்பெனி சொல்லும் வாட் அளவு) மட்டும் பார்த்து கூலர் வாங்கினால் ஏமாற்றம்தான். 7600-க்கு 65 வாட் என்று போட்டிருக்கும். அது இழுக்கக்கூடிய உச்சம் 88 வாட். 7600எக்ஸில் 105 என்பது 142 ஆகிவிடும். இன்டெல் பக்கம் ஐ5-12400 அடிப்படை 65, டர்போவில் 117. 13600கே 125-லிருந்து 181-க்குப் போகும். கூலரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணுக்கு. 140 வாட் சுற்றுவட்டாரம் வரை நல்ல ஒற்றை டவர் தாக்குப்பிடிக்கும். 180-ஐத் தொட்டால் ஆறு பைப், இரட்டை டவர் பக்கம் போவதே நிம்மதி. கூலர் அட்டையில் ‘இத்தனை வாட் தாங்கும்’ என்று போடுவதை ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் அளக்கிறது. அதை வைத்து இரண்டு பிராண்டை ஒப்பிட வேண்டாம்.

அடுத்தது உயரம். தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 ரிஃபைன்ட் எஸ்இ 148 மிமீ, டீப்கூல் ஏகே400 155 மிமீ. கேபினட்டின் விவரக்குறிப்பில் கூலருக்கு 150 மிமீ என்று இருந்தால் இரண்டாவது உள்ளே போகும், பக்கக் கண்ணாடிதான் மூடாது. உயரமான ஹீட்ஸ்பிரெடர் (வெப்பத் தகடு) உள்ள ரேம் போட்டிருந்தால் ஃபேனைச் சற்று மேலே தூக்கி மாட்ட வேண்டி வரும். அந்த உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இந்த வகைக் கூலர்களில் பைப்பும் ஃபின்னும் (தகடுகள்) ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும். கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடிக்கும் இடம் பூட்டும் சாமானும் ஃபேனும்தான். ஸ்பிரிங் ஸ்க்ரூவும் உலோகப் பட்டையும் கொடுக்கிறார்களா, பிளாஸ்டிக் ஊசிகளை அழுத்திப் பூட்டச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஊசி வகையில் ஒரு மூலை சரியாக உட்காராமல் போனாலும் வெளியிலிருந்து தெரியாது. ஃபேன் 25 மிமீ தடிமனில், கம்பிக் கிளிப்பில் நின்றால், நாளைக்கு பேரிங் உறுமத் தொடங்கும்போது ஃபேனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தனக்கென்று ஒரு வடிவத்தில் ஃபேன் வைத்த கூலர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

பூட்டுதல்

ரெய்த் ஸ்டெல்த் பூட்டும்போதே மதர்போர்டின் இரண்டு பிளாஸ்டிக் பிடிகளையும் கழற்றியிருப்போம். புதிய கூலர் கொக்கி வகையாக இருந்தால் அவை திரும்ப வேண்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 7600 உட்காரும் ஏஎம்5 வகை போர்டில் பேக்பிளேட் (மதர்போர்டின் பின்பக்கத் தகடு) சாக்கெட்டோடு இணைந்திருப்பதால் பின்பக்கம் வேலையில்லை. முந்தைய ஏஎம்4-இல் பிடியைக் கழற்றியதும் அது பின்னால் கழன்று விழும், கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே இன்னொரு வம்பும் உண்டு: பின்கள் பிராசஸரில் இருப்பதால், காய்ந்த பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் வெப்பப் பசை) பிடித்துக்கொண்டு கூலரோடு பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நிமிடம் லோடு கொடுத்துச் சூடாக்கி, மெஷினை அணைத்து, கூலரை இடம் வலம் திருகித் தளர்த்திய பிறகே தூக்க வேண்டும்.

பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட். பைப்புகளே நேரடியாகச் சிப்பைத் தொடும் அடித்தளமாக இருந்தால், பைப்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே உள்ள பள்ளங்களில் முதலில் மெல்லிசாகத் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் நடுவில் வைத்தது அந்தப் பள்ளங்களிலேயே போய்விடும். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று இப்போதே பாருங்கள். இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றி அரைச்சுற்று வீதம், தானே நிற்கும் வரை. ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் கூலர் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு உட்காரும். ஃபேன் ஒயர் சிபியூ ஃபேன் பின்னுக்கே போக வேண்டும். வேறு இடத்தில் குத்தினால் பல போர்டுகள் ‘சிபியூ ஃபேன் எரர்’ காட்டி பூட் ஆகாமல் நிற்கும்.

சோதனை

எல்லா கோரையும் ஓட்டும் சோதனை மென்பொருளான சினிபெஞ்ச் பத்து நிமிடம், பக்கத்தில் வெப்பத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ. வெறும் டிகிரியைக் குறிக்காமல் அறை வெப்பத்தைக் கழித்துக் குறியுங்கள்: சிப் 82, அறை 32 என்றால் 50. இல்லாவிட்டால் ஏசி அறையில் எடுத்ததையும் வெயில் நேரத்தில் எடுத்ததையும் ஒப்பிடவே முடியாது.

எண்ணைவிட அது ஏறும் விதம்தான் அதிகம் சொல்லும். லோடு கொடுத்த ஓரிரு நொடியில் 95-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் சந்தேகம் தொடுபரப்பின் மேல்: தாள் உரிக்கவில்லை, அல்லது ஸ்டாண்ட்-ஆஃப் (பூட்டும் பட்டையைத் தாங்கும் தூண்) மாறிவிட்டது. கழற்றிப் பார்த்தால் நடுவில் பேஸ்ட் தடித்து நிற்கும். மாறாக, நிமிடக்கணக்கில் மெல்ல ஏறிக்கொண்டே போனால் கூலர் மேல் பழியில்லை, கேபினட்டுக்குள் சூடு தேங்குகிறது. பக்கக் கதவைத் திறந்து வையுங்கள்; சட்டென்று இறங்கினால் இன்னும் பெரிய கூலருக்குப் போடும் காசை முன்பக்க ஃபேனுக்குச் செலவழிக்கலாம். ஃபேனை 100 சதவீதத்துக்கு ஏற்றியும் ஓரிரு டிகிரிதான் குறைகிறது என்றால், இரண்டாவது ஃபேன் மாட்டுவதில் பயனில்லை.

கடைசியாக பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ஃபேன் வளைவு, அதாவது எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்பது. 60 டிகிரி வரை 40 சதவீதம், 75-இல் 65, 85-இல் 100. ரைசன் சும்மா ஒரு பிரவுசரைத் திறந்தாலே பத்துப் பதினைந்து டிகிரி குதித்து இறங்கும். அதற்கெல்லாம் ஃபேன் எகிறாமல் இருக்க, ஸ்டெப்-அப் தாமதத்தை (வேகம் ஏறுமுன் காத்திருக்கும் நேரம்) மூன்று, நான்கு நொடி வையுங்கள். சத்தம் குறைவதில் பாதி இந்த ஒரு அமைப்பால்தான்.

இதே கூலரை 7600எக்ஸில் போடுபவர்கள் 95 டிகிரியைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த எல்லை வரை ஏறிக்கொண்டு வேகத்தைப் பிடிப்பதுதான் அதன் வடிவமைப்பு. எத்தனை வாட், எத்தனை மெகாஹெர்ட்ஸ் நிற்கிறது என்று பாருங்கள். சத்தம் பொறுக்கவில்லை என்றால் பயாஸில் 65 வாட் ஈகோ மோடு இருக்கிறது, அதுவும் 88 வாட்டுக்கு இறங்கிவிடும்.