நீங்களா போட்டீங்களா, போடச் சொன்னாங்களா?

ஐடியில் யாரையும் வேலையைவிட்டு அனுப்புவதில்லை. எல்லாரும் தாங்களாகவே போய்விடுகிறார்கள். காகிதத்தில் அப்படித்தான் இருக்கும், என் காகிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டோம் என்று ஆரம்பித்து, உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம் என்று முடித்திருக்கிறார்கள்.

2023இல் அந்த மீட்டிங் ரூமில் நடந்ததை விவரமாக எழுதப் போவதில்லை. அந்த ரூமுக்குள் போய் வந்தவர்களுக்கு அது தெரியும். நீங்களாகப் பேப்பர் போட்டால், அதாவது ராஜினாமா எழுதிக்கொடுத்தால், இரண்டு மாத பேசிக் சம்பளம், நல்ல ரிலீவிங் லெட்டர், கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை. போடாவிட்டால் டெர்மினேஷன், அது உங்கள் ரெக்கார்டில் நிற்கும். இவ்வளவுதான் பேச்சு. இதில் கிராஜுவிட்டியை அவர்கள் ஏதோ கூடுதல் சலுகை மாதிரி சொன்னது பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவர் தானாகப் போனாலும் அனுப்பப்பட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய பணம் அது. என் பணத்தை எனக்கே பரிசாகக் காட்டினார்கள், நானும் தலையாட்டினேன். சரி, அங்கேயே உட்கார்ந்து மெயில் அடித்தேன். அதற்கு எனக்குக் காரணங்கள் இருந்தன, அப்புறம் சொல்கிறேன்.

என்னைக் குடைவது அது இல்லை. சில மாதங்கள் கழித்து ஒரு வீடியோ இண்டர்வியூவில் ஒருவர் கேட்ட ஒரே ஒரு கேள்வி.

டெக்னிக்கல் ரவுண்டு அது. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்தான் என் வேலை. டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் செலினியம் ஃப்ரேம்வொர்க்கை எப்படிக் கட்டினேன், ஒருநாள் பாஸ் ஆகி மறுநாள் காரணமே இல்லாமல் ஃபெயில் ஆகும் டெஸ்ட்களை எப்படிப் பிடிப்பேன் என்றெல்லாம் கேட்டார். அதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைசியில், இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "தமிழ்தானே சார்?" என்றார். ஆமாம் என்றேன். "ஒண்ணு கேக்கலாமா சார்? நீங்களா பேப்பர் போட்டீங்களா, இல்ல போடச் சொன்னாங்களா?"

நான் யோசிக்கவேயில்லை. "நானேதான் சார் போட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, கொஞ்ச நாள் கூட இருக்க வேண்டியிருந்துச்சு" என்றேன். அவர் சில நொடி ஸ்கிரீனைப் பார்த்தார். "சரி சார்" என்றார். அப்புறம் மறுபடி இங்கிலீஷுக்குப் போய், எச்ஆர் தொடர்புகொள்வார்கள் என்று சொல்லி முடித்துவிட்டார்.

அந்தப் பதிலைப் பொய் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, இன்றுவரை. காகிதம் என்ன சொல்கிறதோ அதைத்தான் நானும் சொன்னேன். வேலை தேடியவர்களுக்குத் தெரியும், ஆஃபர் வந்த பிறகு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் என்று ஒன்று நடக்கும். ஒரு ஏஜென்சி பழைய கம்பெனிக்கு மெயில் போட்டு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, விலகிய காரணம், மறுபடி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்கும். பழைய கம்பெனி என் விஷயத்தில் ராஜினாமா என்றுதான் எழுதும். அப்படி இருக்கும்போது நான் மட்டும் இண்டர்வியூவில் உட்கார்ந்து, இல்லை சார் எழுதச் சொன்னார்கள் என்றால், இரண்டில் ஒன்று பொய் என்று ஆகிவிடாதா? பிஎஃப் கணக்கில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். எழுதச் சொன்னார்களா என்று கேட்க அங்கே கட்டம் கிடையாது.

இது நல்ல வாதம்தான். ஆனால் அந்த நொடியில் நான் வெரிஃபிகேஷனைப் பற்றியெல்லாம் நினைக்கவில்லை. அது பிறகு வீட்டில் உட்கார்ந்து நானே கட்டிக்கொண்டது. வாயில் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சியிலிருந்து போன் வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியது. அவர்கள் கேட்கும் வரிசைகூட மாறாது, கரண்ட் சிடிசி என்கிற இப்போதைய வருடச் சம்பளம், எக்ஸ்பெக்டட், நோட்டீஸ் பீரியட், லொகேஷன் ஓகேவா. வேலையில் இருந்த காலத்தில் மூன்று மாத நோட்டீஸ் என்றால், அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது சார் என்று வைத்துவிடுவார்கள். இப்போது இம்மீடியட் ஜாயினர் என்றேன். எல்லாரும் தேடுவது இம்மீடியட் ஜாயினரைத்தான், ஆனால் ஒருவர் இம்மீடியட்டாகச் சேரத் தயாராக இருந்தால் அவர்மேல் முதலில் வருவது சந்தேகம். ஏன் சார் இம்மீடியட்? அந்த இடத்தில்தான் அம்மாவின் உடம்பு உள்ளே வந்தது. முதலில் பேமிலி ரீசன் என்று பொதுவாகச் சொன்னேன். அதற்கு மேலும் தோண்டுகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா.

அம்மா அன்று ஹாலில்தான் இருந்தார். மேடவாக்கத்தில் டூ பெட்ரூம் ஃபிளாட், கதவைச் சாத்தினாலும் எல்லாம் கேட்கும். லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே வந்தால், "எனக்கு என்னடா உடம்புக்கு?" என்றார். சுகர் இருக்கே என்றேன். "அது உங்கப்பா இருக்கறப்பலேருந்து இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த இண்டர்வியூ இருந்த அன்று, நான் சொல்லாமலே, பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது காரணங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் அவை உண்மையிலேயே அம்மாவைச் சுற்றித்தான் இருந்தன. கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸில் அம்மா பெயரும் இருந்தது. கடைசி வேலை நாளோடு அது முடிந்துவிடும். வெளியில் தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அப்போது நான்கு வருடம் வரை வைக்கலாம். 2024இல்தான் அதை அதிகபட்சம் மூன்று வருடம் என்று குறைத்தார்கள். சுகர் இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்னொரு பக்கம் வீட்டுக்கடன். பிஎஃப் பணத்தை எடுக்கலாம் என்றால், வேலை போய் ஒரு மாதம் ஆனால் 75 சதவீதம், இரண்டு மாதம் ஆனால் மீதி என்பது அப்போதைய விதி. ஆக அந்த ரூமில் இருந்த எனக்கு, சீக்கிரம் அடுத்த வேலை, அதற்குச் சுத்தமான லெட்டர் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அதைத் தப்பு என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். அந்த வகையில் பார்த்தால் அம்மாவுக்காகத்தான் பேப்பர் போட்டேன் என்று நான் சொன்னதும் சரிதானே? இப்படியும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் சரிந்துவிடும்.

எங்கள் டீமில் ஒருவர் எழுத மாட்டேன் என்றார். என்னைவிட வயதில் சின்னவர், கல்யாணம் ஆகாதவர் என்று அப்போது எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் அவர் ஆக்சஸ் கார்டு வேலை செய்யவில்லை, டெர்மினேஷன் லெட்டர் மெயிலில் வந்தது. அவர் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தார். சட்டமெல்லாம் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். ஐடி கம்பெனிகளுக்கும் தொழில் தகராறுச் சட்டம் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், கூடவே முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் தானாக ராஜினாமா செய்தவனை யாரும் குறைக்கவில்லையே, அவனுக்கு எதற்கு நஷ்டஈடு? எழுதச் சொல்வதன் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. எழுதாதவருக்கும் எல்லாம் சுலபமில்லை. பெயரில் லீட் என்று ஒரு வார்த்தை இருந்தாலே, இவர் தொழிலாளி இல்லை, மேற்பார்வையாளர் என்று கம்பெனி வக்கீல் ஆரம்பித்துவிடுவார்.

அவர் ஒருநாள் போன் செய்து, "சார், உங்களையும் எழுதச் சொன்னாங்கன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க, பேரு வெளிய வராம பாத்துக்கறேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை, நானாகவும் கூப்பிடவில்லை. வேலை தேடிக்கொண்டிருந்தவன் அப்படி ஒரு லெட்டர் கொடுத்திருக்க முடியுமா? முடியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பிறகு வேலை கிடைத்துவிட்டதே, அப்போது? அப்போது புது வேலையில் புரொபேஷன்.

இதையெல்லாம்விட அந்த இண்டர்வியூக்காரர்தான் அடிக்கடி வருகிறார். அவர் ஏன் தமிழுக்கு மாறினார்? கூகுள் மீட்டில் அந்தக் கேள்வியை இங்கிலீஷிலேயே கேட்டிருக்கலாமே. பேச்சில் மதுரைப் பக்கத்துச் சாயல் இருந்தது, என்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருப்பார், அதனால்தான் சார் என்றாரோ என்னவோ. அவரையும் ஒரு ரூமில் உட்காரவைத்து எழுதச் சொல்லியிருக்கலாம். ஆமாம் சார், போடச் சொன்னாங்க என்று நான் சொல்லியிருந்தால், "எனக்கும்தான் சார்" என்று சிரித்திருப்பார், வேலையும் கொடுத்திருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். இன்னொரு நாள், அது வலை என்று தோன்றும். தமிழில் கேட்டால் ஆள் இளகிவிடுவான், வாயைவிட்டுவிடுவான் என்று தெரிந்தே கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள், நானே அந்த மாதிரி இரண்டு பேருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். எதுவும் இல்லாமல், மார்க்கெட் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தன் பயத்தில் அவர் கேட்டிருக்கவும் கூடும். அந்த வருடம் வேலையில் இருந்தவர்களும் நிம்மதியாக இல்லை.

அந்த வேலை கிடைக்கவில்லை. கன்சல்டன்சி பெண்ணிடம் கேட்டபோது, "ப்ரொஃபைல் ஹோல்டுல இருக்கு சார்" என்றார். அந்தக் கேள்வியால்தான் போனதா, பட்ஜெட் இல்லாமல் போனதா, என்னைவிட மலிவாக ஒருவர் கிடைத்தாரா, தெரியாது. டெஸ்ட் ஃபெயில் ஆனால் நடந்ததையெல்லாம் பதிந்து வைத்திருக்கும் லாகைத் திறந்து எந்த வரியில் விழுந்தது என்று பார்த்தே பழகியவன் நான். இதற்கு லாக் கிடையாது என்பதுதான் எரிச்சல்.

அப்புறம் நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் தினமும் காலையில் புரொஃபைலில் ஏதாவது ஒரு வார்த்தையை மாற்றி சேவ் செய்வது, லிங்க்ட்இன்னில் வேலை தேடுகிறேன் என்று காட்டும் அந்தப் பச்சை வளையத்தைப் போடுவதா எடுப்பதா என்று வீட்டில் விவாதம், ஜாவா தெரிந்தவன் பிளேரைட் என்ற இன்னொரு டெஸ்டிங் கருவிக்காக டைப்ஸ்கிரிப்ட் படித்தது, இதெல்லாம் எல்லாருக்கும் நடந்ததுதான். கடைசியில் வேலை வந்தது பழைய நண்பர் ஒருவரின் ரெஃபரல் மூலம், முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்தில். அங்கே காரணம் கேட்டபோது புராஜெக்ட் முடிந்துவிட்டது என்றேன். அம்மாவை விட்டுவிட்டேன்.

இப்போது யாராவது கேட்டால், இண்டர்வியூவில் உள்ளதைச் சொல்லுங்கள், லேஆஃப் ஒன்றும் அவமானம் இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போது நம்பித்தான் சொல்கிறேன்.

போன வருடம் பழைய டீமிலிருந்து ஒருவர் மாடிப்படியில் நின்றுகொண்டு போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, "சார், இப்பதான் ரூமுக்குக் கூப்பிட்டிருக்காங்க, என்ன பண்ணட்டும்?" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதாதீர்கள், இரண்டு நாள் டைம் கேளுங்கள், கொடுப்பதாகச் சொல்வதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள் என்று படபடவென்று சொன்னேன். "நீங்க அப்ப என்ன சார் பண்ணீங்க?" என்றார். எழுதிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி சார், பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

எழுதிக்கொடுத்துவிட்டார். அடுத்த மாதமே பெருங்குடியில் இன்னொரு கம்பெனியில் சேர்ந்தும்விட்டார், என்னைவிடச் சம்பளம் அதிகம். வாழ்த்துச் சொல்லப் போன் செய்தபோது, மனசு கேட்காமல், ஏன் விட்டீங்கன்னு இண்டர்வியூல கேட்டிருப்பாங்களே, என்ன சொன்னீங்க என்று கேட்டேன்.

"அவங்க அதைக் கேக்கவே இல்லையே சார்" என்றார்.