கோரமண்டல் திரையும் சீன நாற்காலியும்

பழைய ஐரோப்பிய மரச்சாமான்களின் படங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்கு ஒரு பைத்தியம். அதில் 'கோரமண்டல் திரை' என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். கோரமண்டல் என்றால் சோழமண்டலக் கரைதானே, கறுப்புப் பளபளப்பில் மாளிகையும் மலையும் செதுக்கிய இந்த மடக்குத் திரைகளை அங்கே யார் செய்தார்கள் என்று ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். யாரும் செய்யவில்லை. அசல் சீனச் சரக்கு. சோழமண்டலத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிழக்கே இருந்து வந்த எதையும் 'இந்தியச் சாமான்' என்று சொல்லிவிடுகிற காலம் அது.

சரி, சரக்கு வந்தது, எல்லோருக்கும் ஆசையும் வந்தது. உள்ளூரிலேயே செய்யலாம் என்றால் அந்தப் பளபளப்பு கைக்கு எட்டவில்லை. அது லாக்கர், கிழக்காசியாவில் வளரும் ஒரு மரத்தின் பால். கப்பலில் மாதக்கணக்கில் வைத்துக் கொண்டுபோகிற சங்கதி இல்லை. அதனால் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூச்சு மேல் பூச்சாகப் பூசித் தேய்த்தார்கள். அந்த அரக்கு இந்தியாவில் கிடைப்பது, பூச்சியின் பிசின். ஆக, சீனப் பொருளைப் போல ஐரோப்பாவில் செய்ய இந்திய அரக்கு, அந்த வேலைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரோ 'ஜப்பானிங்'! 1688இல் ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர் இதற்கென்றே ஒரு கையேடு போட்டார்கள். திரைகளைக் கண்டபடி அறுத்து அலமாரியில் ஒட்டுகிறவர்களை அதில் கிண்டலும் செய்திருக்கிறார்கள். மனிதர்களும் மரங்களும் தலைகீழாக நிற்குமாம்.

பாரிஸ்காரர்கள் அறுப்பதில் இன்னும் கெட்டிக்காரர்கள். லாக்கர் பலகையின் பின்பக்க மரத்தை இழைத்து இழைத்து மெல்லிய ஏடாக்கி, வளைந்த இழுப்பறைப் பெட்டியின் மேல் ஒட்டுவார்கள். 1737இல் பிரெஞ்சு ராணிக்காக மரச்சாமான் கலைஞர் வான் ரிசன்பர்க் செய்த பெட்டி அப்படிப்பட்டதுதான், ஜப்பானிய லாக்கரில். எத்தனை நல்ல அலமாரிகள் இதற்குப் பலியாகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது, ஆனால் அந்த வேலைப்பாட்டைப் பார்த்தால் திட்டவும் மனம் வரவில்லை.

அப்புறம் இங்கிலாந்தில் பகோடா மோகம், அதாவது அடுக்கடுக்கான கூரை வைத்த சீனக் கோபுரத்தின் மேல். பேட்மின்டன் மாளிகைக்காக 1754 வாக்கில் லின்னல் பட்டறை செய்த கட்டிலுக்குக் கூரையே பகோடாதான், மூலைக்கு மூலை டிராகன் வேறு. மரச்சாமான் வடிவமைப்பாளர் சிப்பென்டேலும் அதே ஆண்டு வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் குறுக்குச் சட்ட நாற்காலிகளைச் 'சீனம்' என்று போட்டார். சீனத் துறைமுகமான கான்டனை நேரில் பார்த்துவிட்டு வந்த கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸ் இந்தக் கூத்து பொறுக்காமல், அசல் எப்படி இருக்கும் என்று 1757இல் வரைந்தே காட்டினார்.

எனக்கு உண்மையிலேயே பிடித்தது இதெல்லாம் முடிந்து வெகுகாலம் கழித்து நடந்தது. டென்மார்க்கின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1944இல் சீனாவின் மிங் அரசர் காலத்து நாற்காலியைப் பார்த்து ஒன்று வடிவமைத்தார். முதுகுக்குப் பின்னால் வளைந்து வரும் சட்டமே கையாகவும் நீளும். அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், 1949இல் ஒய் வடிவ முதுகு கொண்ட நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். டிராகன் இல்லை, தங்கப்பூச்சு இல்லை. வெறும் மரமும், இருக்கைக்குப் பின்னிய காகிதக் கயிறும்தான்.