எதை அடிக்கலாம்?

பத்தாம் வகுப்பில் படிக்கும் அக்கா மகள் கடந்த ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டுடன் வந்து என் எதிரில் அமர்ந்தாள். விகிதமுறு கோவைகளை எளிய வடிவிற்குச் சுருக்கும் பயிற்சியில் அவள் போட்டிருந்த ஐந்து கணக்குகளுள் நான்கு தவறாக இருந்தன. ஐந்தாவதன் விடையைப் பார்த்து ஒரு டிக் போட்டுவிட்டு முதல் கணக்குக்கு வந்தேன். (பாடநூலில் எக்ஸ், ஒய் என்று வரும் மாறிகளைத் தட்டச்சு வசதிக்காக இங்கே க, ச என்று எழுதுகிறேன்.)

(க² − 9) / (க² − 5க + 6)

மேலே இருந்த க²-ஐயும் கீழே இருந்த க²-ஐயும் பென்சிலால் சாய்கோடிட்டு அடித்துவிட்டு, −9/(−5க + 6) என்று விடை எழுதி, அதன் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடும் போட்டிருந்தாள். "மேலயும் கீழயும் ஒண்ணுதானே சித்தி இருக்கு, அடிச்சா என்ன தப்பு?" என்று கேட்டாள்.

தவறு பாதி அந்த 'அடித்தல்' என்ற சொல்லில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அடிப்பது, கேன்சல் பண்ணுவது என்றே வகுப்பறையில் சொல்லிச் சொல்லி, அது வகுத்தல் என்பதே பிள்ளைகளுக்கு மறந்துபோகிறது. தொகுதியையும் பகுதியையும் பூச்சியமல்லாத ஒரே எண்ணால் வகுத்தால் பின்னத்தின் மதிப்பு மாறாது. நமக்குக் கிடைத்திருக்கும் அனுமதி அவ்வளவுதான். அவள் செய்திருந்ததோ இரண்டிலிருந்தும் க²-ஐக் கழித்தது. (2 + 1)/(2 + 2) என்பது முக்கால். இரண்டு 2-களையும் அடித்தால் அரையாகிவிடும். அவளுடைய விடையையே சோதிப்போம் என்று க = 4 எனப் போடச் சொன்னேன். கொடுக்கப்பட்ட கோவை 7/2 ஆயிற்று, அவள் விடை 9/14 ஆயிற்று. அதற்குப் பிறகு அவள் வாதாடவில்லை.

கூட்டல், கழித்தல் குறிகளால் பிரிந்து நிற்பவை உறுப்புகள், பெருக்கலால் பிணைந்து நிற்பவை காரணிகள். வகுக்கும்போது நீங்குவது காரணி மட்டுமே என்பதால், பெருக்கற்பலனாக இல்லாத ஒன்றை முதலில் பெருக்கற்பலனாக மாற்றியாக வேண்டும். தொகுதி (க + 3)(க − 3), பகுதி (க − 2)(க − 3). பொதுக் காரணியான (க − 3) நீங்க, விடை (க + 3)/(க − 2).

இங்கே ஒரு சிறு கடன் மீதி நிற்கிறது. (க − 3)-ஆல் வகுத்தபோது அது பூச்சியமில்லை என்று நாம் எடுத்துக்கொண்டோம். க = 3 எனில் முதலில் இருந்த கோவை 0/0 ஆகிப் பொருளற்றுப்போகிறது; சுருக்கிய வடிவமோ எதுவும் நடவாததுபோல 6 என்று விடை தருகிறது. ஆகவே சுருக்கிய வடிவின் பகுதியைப் பூச்சியமாக்கும் 2 மட்டுமன்றி 3-உம் விலக்கப்பட்ட மதிப்புதான், அதாவது க-வுக்குத் தரக்கூடாத மதிப்பு. அதைச் சுருக்கிய பின்னர் தேடினால் கிடைக்காது, சுருக்குவதற்கு முன்பே குறித்துவைக்க வேண்டும். மேல்நிலை வகுப்பில் எல்லை மதிப்பு என்ற பாடம் வரும்போது இந்த 6-ஐ அவள் மறுபடியும் சந்திப்பாள்.

அடுத்த இரண்டு கணக்குகளில் அடுக்குகள் இருந்தன. (2க³)⁴ என்பதற்கு 2க¹² என்று எழுதியிருந்தாள். அடுக்கு 2-க்கும் சேர்த்துத்தான், 16க¹² என வரவேண்டும். அடுக்கு என்பது ஒரே காரணி எத்தனை முறை வருகிறது என்பதன் சுருக்கெழுத்து மட்டுமே. எழுத்தின் தோளில் சிறிய எண்ணை ஏற்றி எழுதும் இன்றைய முறையை 1637-இல் வெளியிட்ட டெகார்ட்டே, வர்க்கத்தைப் பெரும்பாலும் அதே எழுத்தை இருமுறை எழுதித்தான் காட்டினார். ஐயம் வந்தால் நாமும் அப்படி விரித்து எழுதுவதில் வெட்கமில்லை.

குறை அடுக்கை விளக்க நம் பழைய பின்னப் பெயர்களே எனக்குக் கைகொடுத்தன. அரை என்பது 2⁻¹, கால் என்பது 2⁻², அரைக்கால் என்பது 2⁻³, வீசம் 2⁻⁴, அரைவீசம் 2⁻⁵. காலில் அரை அரைக்கால் என்று சொல்லும்போதே அடுக்குகளைக் கூட்டியாகிவிட்டது. ஆனால் அரையும் காலும் கூடினால் முக்கால். அங்கே அடுக்குகளைக் கூட்டினால் மறுபடியும் அரைக்கால்தான் வரும், காலைவிடவும் குறைவாக. இதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

மூன்றாவதுதான் இருப்பதில் கடினம்: (க⁻¹ + ச⁻¹)⁻¹. ஒவ்வோர் உறுப்பின் மீதும் வெளி அடுக்கைத் தனித்தனியே ஏற்றி, க + ச என்று முடித்திருந்தாள். ஒரு வேலையை ஒருவர் 6 நாளிலும் மற்றொருவர் 3 நாளிலும் முடித்தால், இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள் என்ற பழைய கணக்கு இதே கோவைதான். அவள் விடைப்படி 9 நாள்; துணைக்கு ஆள் வந்ததால் வேலை நீண்டுபோகிறது. அடைப்புக்குள் இருப்பதை முதலில் (க + ச)/கச என்று ஒரே பின்னமாக்கிப் பிறகு தலைகீழாக்கினால் கச/(க + ச), அதாவது 18/9, இரண்டு நாள்.

நான்காவதான (க − 3)/(3 − க) என்பதற்கு 1 என்று எழுதியிருந்ததை, பகுதியிலிருந்து −1-ஐ வெளியே எடுத்து, அவளே −1 என்று திருத்திக்கொண்டாள்.

நோட்டை மூடும் முன்புதான் ஐந்தாவது கணக்கின் இடைவரிகளைப் பார்த்தேன். (க² − 4)/(க − 2) என்பதற்கு க + 2 என்ற சரியான விடை இருந்தது. ஆனால் க²-ஐக் க-வால் அடித்துக் க, 4-ஐ 2-ஆல் அடித்து 2, கழித்தலைக் கழித்தலால் அடித்துக் கூட்டல் என்று வந்திருந்தது அந்த விடை! 16/64 என்பதில் இரண்டு 6-களையும் அடித்து 1/4 என்று சரியாகவே பெறுவதைப் போன்றது இது. 19/95, 26/65, 49/98 ஆகியவையும் அப்படியே ஏமாற்றும். இதே வழியில் (க² − 6)/(க − 2) என்பதைச் செய்யச் சொன்னேன். க + 3 என்று எழுதினாள், க = 4 எனப் போட்டாள், ஒருபுறம் 5, மறுபுறம் 7.

"நீங்கதானே சித்தி டிக் போட்டீங்க" என்றாள். பேனாவை வாங்கி அந்த டிக்கை அடித்துவிட்டேன்.