காப்புரிமை முகவர் தேர்வும் பிரிவு 3-உம்: படிக்க வேண்டிய விதம்

பிறர் சார்பில் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளத் தகுதி தரும் காப்புரிமை முகவர் தேர்வுக்குத் தயாராகும் பலர், எவையெல்லாம் கண்டுபிடிப்புகள் அல்ல என்று பட்டியலிடும், இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3-ஐ எழுத்து வரிசைப்படி மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். முதல் தாளின் கொள்குறி வினாக்களுக்கு அது ஓரளவு போதும்; உரிமைக்கோரல்களை (கண்டுபிடிப்பில் எதற்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்று சொல்லும் வாசகங்களை) எழுதவும் ஆராயவும் சொல்லும் இரண்டாம் தாளுக்குப் போதாது. ஒவ்வோர் உட்பிரிவுக்கும் எதிரே, அது தடுப்பது எது, அதன் பிடிக்குச் சற்று வெளியே நின்று தப்புவது எது என இரண்டையும் எழுதிவைத்துப் படித்ததுதான் எனக்குப் பயன்பட்டது.

3(ஐ)-இன்படி அறுவை சிகிச்சை முறைக்குக் காப்புரிமை கிடையாது. அதற்கான கருவிக்கு அந்தத் தடை இல்லை. 3(ஜே) தாவரங்களையும் விலங்குகளையும் விதைகளையும் விலக்கிவிட்டு நுண்ணுயிரிகளுக்கு மட்டும் வழிவிடுகிறது. ஆனால் இயற்கையில் கண்டெடுத்த நுண்ணுயிரி 3(சி)-இல் சிக்கிக்கொள்ளும் என்பதால், இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது 3(டி)-க்கு. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், அதன் அறியப்பட்ட செயல்திறனை உயர்த்தாவிட்டால் அது கண்டுபிடிப்பாகாது என்பது இதன் மையம். புற்றுநோய் மருந்தான இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னையில் விண்ணப்பித்தது. காப்புரிமை அலுவலகம் 2006-இல் அதை நிராகரித்தது. இந்த உட்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்றால் நோய் தீர்க்கும் திறனே என்றும், உடல் அதை 30 சதவீதம் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது என்றும் முடிவுசெய்தது. இந்த வழக்கின் புகழில் மூழ்கி, அதே உட்பிரிவு அறியப்பட்ட பொருளின் புதிய பயன்பாட்டையும், அறியப்பட்ட செய்முறையின் வெறும் பயன்பாட்டையும் விலக்குகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. செய்முறையானது புதிய பொருளைத் தந்தாலோ, குறைந்தது ஒரு புதிய வினைபடுபொருளைப் பயன்படுத்தினாலோ தப்பும்.

3(கே)-இல் கணினி நிரல் அதனளவில் மட்டுமே விலக்கப்படுகிறது. தொழில்நுட்ப விளைவைக் காட்டும் கண்டுபிடிப்பை, அதில் நிரல் இருக்கிறது என்பதற்காகவே தள்ளிவிட முடியாது என்பதற்கு, ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2019-இல் அளித்த தீர்ப்பைப் படிக்கலாம். அதே உட்பிரிவு விலக்கும் வணிக முறைக்கு, ‘அதனளவில்’ போன்ற சலுகைச் சொல் எதுவும் சட்டத்தில் இல்லை.

விவசாய முறை, விளையாட்டு விதிகள், இலக்கியப் படைப்பு ஆகியவற்றை ஒருமுறை வாசித்தால் போதும். 3(ஜி) 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டதை மட்டும் நினைவில் வையுங்கள். பாரம்பரிய அறிவைப் பற்றிய கடைசி உட்பிரிவுக்குப் பலரும், மஞ்சளின் காயம் ஆற்றும் பயன்பாட்டுக்குப் பெற்ற காப்புரிமை ரத்தான மஞ்சள் வழக்கை எடுத்துக்காட்டாக எழுதுகிறார்கள். 1997-இல் ரத்தானது அமெரிக்கக் காப்புரிமை என்பதால், அது நம் சட்டத்தின்கீழ் வந்த முடிவல்ல.

அணுசக்தி தொடர்பான விலக்கு பிரிவு 4-இல் தனியே நிற்கிறது. பிரிவு 3-இல் உள்ளவை சட்டத்தின் பார்வையில் கண்டுபிடிப்புகளே அல்ல. பிரிவு 4-இல் உள்ளவை கண்டுபிடிப்புகளாக இருந்தாலும் அவற்றுக்குக் காப்புரிமை வழங்கப்படாது. பிரிவு 25-இன்கீழ் எதிர்ப்பு மனு எழுதச் சொல்லும்போது, உங்கள் வாதம் இவற்றில் எதைச் சார்ந்தது என்பதை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.