கேன்டர்பரியில் ஒரு சாயங்கால ஆராதனை

லண்டன் செயின்ட் பேன்க்ராஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான் கேன்டர்பரி. அங்கே பேராலயத்துக்குள் பேராயர் தாமஸ் பெக்கெட் 1170 டிசம்பர் 29 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு வெகுநாள் ஆசை. பெக்கெட்டின் கல்லறைப் பீடத்தை இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1538-இல் இடித்துவிட்டார். அந்த வெறுந்தரையில் இப்போது ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. அங்கே ஏறும் கல்படிகள் நடுவில் குழிந்து கிடக்கின்றன. எல்லாம் முழங்காலிலேயே ஏறிய யாத்ரீகர்களின் வேலை. வேளாங்கண்ணி மணலைப் பார்த்த நமக்கு விளக்கம் தேவையில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஆராதனை. ஆகஸ்ட் மாதம் பேராலயத்தின் சொந்தப் பாடகர் குழுவுக்கு விடுமுறை. அந்த வாரங்களில் வெளியூர்க் குழுக்கள் வந்து பாடுவார்கள். ஊர் சபைகளில் பாடும் சாதாரண ஆட்கள்தான், சம்பளமெல்லாம் கிடையாது. எங்களைப் பாடகர்களுக்குப் பின்வரிசையிலேயே உட்காரவைத்தார்கள். முன்னால் நின்ற பெரியவர் தன் இசைக்குறிப்புப் புத்தகத்தில் மூச்சு விட வேண்டிய இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்திருந்தார்.

இங்கிலாந்து திருச்சபையின் 1662-ஆம் வருஷத்து ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்குப் பங்கிட்டிருக்கிறது. அன்று 20-ஆம் தேதி, அதனால் 104-ஆம் சங்கீதம். பாடகர்களில் ஒரு பக்கத்தார் ஒரு வசனம், எதிர்ப்பக்கத்தார் அடுத்தது. இரைக்குக் கெர்ச்சிக்கும் பாலசிங்கங்கள் வந்தபோது ஆர்கன் கொஞ்சம் உறுமியது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு இசையமைப்பாளர் ஸ்டான்ஃபோர்டு ஜி மேஜர் சுருதியில் அமைத்த மரியாளின் பாட்டு. ராட்டை சுற்றுவதுபோல ஆர்கன் விடாமல் ஓட, அதன்மேல் ஒரே ஒரு பெண் குரல் ஏறி நிற்கிறது. நூல் நூற்றுக்கொண்டே பாடுகிற சின்னப் பெண்ணாக மரியாளை அவர் நினைத்துப் பார்த்தாராம். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோனின் பாட்டு வந்ததும் தனிக்குரல் கனத்த ஆண் குரலுக்கு மாறிவிடுகிறது. யார் பாடியது என்று பார்த்தால், அந்தப் பென்சில் பெரியவர்! ‘உமது அடியேனைச் சமாதானத்தோடே போகவிடுகிறீர்’ என்பதை எழுபது வயதுக்காரர் பாடிக் கேட்பது வேறு.

விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்து சொன்னதைத் தவிர சபையாருக்குப் பெரிதாக வேலை இல்லை. நம் பாளையங்கோட்டைப் பக்கம் பாடகர் குழு ஆரம்பித்த மறுநொடி சபை முழுக்கச் சேர்ந்துகொள்ளும். இங்கே வாயை மூடிக் கேட்பதுதான் ஆராதனை. முதல் பத்து நிமிஷம் எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்புறம் பிடிபட்டது. நமக்காக இன்னொருவர் ஜெபிக்கும்போது ஆமென் சொல்கிறோமே, அப்படித்தான் இதுவும். முடிந்ததும் கைதட்டலும் இல்லை.

வெளியே வரும்போது அம்மா அந்தப் பெரியவரிடம், என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, "நல்லா இருந்தது ஐயா" என்றார். அவர் சிரித்தார். நாளை சாயங்காலத்துக்கு 106-ஆம் சங்கீதமாம், இதைவிட நீளம். குரலைச் சேமிக்க இன்றைக்கு யாரிடமும் அதிகம் பேசப் போவதில்லை என்றார்.