"எனக்கும் எடுப்பீங்களா, சிஸ்டர்?"

மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றுநோயைத் தேடும் எக்ஸ்ரே, எடுக்க வருகிறவர்களிடம் என் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆன்ட்டி, அக்குளில் பவுடர், ஸ்ப்ரே ஏதும் போட்டீங்களா?" பவுடர் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். மார்பகத்துக்குள் படியும் சுண்ணாம்புத் துகளும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். அடுத்த சிக்கல் தாலிக்கொடி. கழற்ற மனம் வராதவர்களிடம் முதுகுப் பக்கம் தள்ளிவிடச் சொல்வேன். அப்புறம் தட்டு இறங்கி அழுத்தும், "மூச்சைப் பிடிங்க", சில விநாடி, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் இதற்கான தேசியத் திட்டம் 2002இல் தொடங்கியது. 50 வயதானால் 2 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், மானியமும் உண்டு. ஆனாலும் "நல்லா இருக்கிற உடம்பை ஏன் கிளறணும்?" என்று கேட்காத நம் ஆன்ட்டிகள் குறைவு.

அப்படி முணுமுணுத்தபடி ஒருவர் வந்தார். துணைக்கு வீட்டுப் பணிப்பெண், புதுக்கோட்டைப் பக்கம், 45 வயது இருக்கும். ஆன்ட்டி உடை மாற்றப் போனதும் அவர் கதவருகே வந்து, "எனக்கும் எடுப்பீங்களா, சிஸ்டர்?" என்றார். "மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான்மா, உங்களுக்கு முழுக் காசு ஆகும்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஆன்ட்டியின் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

மதியம் சாப்பிடும்போதுதான் உறைத்தது. ஏன் கேட்டார்? கையில் ஏதாவது தட்டுப்பட்டதா? அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கு எடுப்பதுதான் ஸ்கிரீனிங்; கட்டி இருந்தால் அது ஸ்கிரீனிங்கே இல்லை, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். காசைப் பற்றிச் சொன்ன எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. பணிப்பெண்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை உண்டு. கர்ப்பம், தொற்றுநோய் இவற்றைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள்.

மெஷின் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பது என் தொழில் தந்த திமிர். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை கையால்தான் தொட்டுப் பார்த்தார்கள். 20 ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. இளையவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் விரல்கள்தானே!

2 ஆண்டு கழித்து அதே ஆன்ட்டி வந்தார். கூட வந்தது ஒரு மியன்மார்ப் பெண். முன்பு இருந்தவரைப் பற்றிக் கேட்டேன். "ஊருக்குப் போயிட்டா. என்னமோ உடம்பு சரியில்லைன்னா."

ஆன்ட்டி உடை மாற்றப் போனதும், புதியவரிடம் என் அரைகுறைச் சைகையில் மார்பில் கைவைத்து, கட்டி ஏதும் உண்டா என்று கேட்டேன். முதலில் புரியாமல் விழித்தார். பிறகு வெட்கத்தோடு இல்லை என்று தலையாட்டினார்.