ஹிட்டா, எரரா: கல்லூரி பேஸ்பால் கணக்கோடு என் வேலை

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் ஸ்கோரர் வேலை பார்க்கிறேன் என்று ஊரில் சொன்னால், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிற வேலை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். கிரிக்கெட்டில் அது சரி, அம்பயர் சைகை காட்டுவார், ஸ்கோரர் எழுதுவார். பேஸ்பாலில் அப்படி இல்லை. தரையில் உருண்டு வந்த பந்து, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப்பின் கையுறையில் பட்டு நழுவி, அடித்தவர் ஓடித் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவதுக்குப் பத்திரமாக ஓடிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பயர் சொல்வது அவர் அவுட் இல்லை என்பதை மட்டும்தான். அது அடித்தவர் சம்பாதித்த ஹிட்டா, ஷார்ட்ஸ்டாப் கோட்டைவிட்ட எரரா என்று முடிவு செய்ய வேண்டியவர் மேலே பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்திருக்கிற ஸ்கோரர். சில நொடிகள்தான் கிடைக்கும். பக்கத்தில் கம்ப்யூட்டரில் தட்டுகிறவர், ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொள்கிறவர், ரேடியோக்காரர் எல்லோரும் நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இ-6" என்று சொல்லிவிட்டால் எரர். 6 என்பது ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடத்துக்கான எண்.

ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலை படிக்கும்போது, விளையாட்டுத் துறையின் தகவல் பிரிவில் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்தேன். படிப்பு முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டேன். இப்போது ஆட்ட நாட்களில் ஸ்கோரர், மற்ற நாட்களில் அணியின் சாதனைப் பட்டியலைப் பராமரிப்பவன். இரண்டையும் ஒரே ஆள் செய்வது நல்லது என்று நினைக்கிறேன். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எங்கோ ஒரு பிரஸ் பாக்ஸில் ஒருவர் எடுத்த முடிவுகளின் கூட்டுத்தொகை என்பது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் உறைக்கிறது.

அந்த ஒரு முடிவு எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். இரண்டு அவுட், பேஸில் யாரும் இல்லை. ஷார்ட்ஸ்டாப்பிடம் போன பந்து நழுவுகிறது. அடுத்து வந்தவர் ஹோம் ரன் அடிக்கிறார், பந்து எல்லைக்கு வெளியே, இருவரும் சுற்றி வந்து இரண்டு ரன். நான் எரர் என்று சொல்லியிருந்தால், அந்தப் பந்தோடு மூன்றாவது அவுட் விழுந்து இன்னிங் முடிந்திருக்க வேண்டும், அதனால் இரண்டு ரன்னுமே பந்து வீசிய பிட்சர் கணக்கில் சேராது. ஹிட் என்று சொல்லியிருந்தால் இரண்டும் அவர் தலையில். பேட்டிங் சராசரி, ஷார்ட்ஸ்டாப்பின் ஃபீல்டிங் சதவீதம், பிட்சரின் ஈ.ஆர்.ஏ. (எரர் தயவில்லாமல் அவர் கொடுத்த ரன், ஒன்பது இன்னிங்குக்கு எத்தனை என்ற சராசரி) என்று மூன்று பேருடைய எண்கள் ஒரே வார்த்தையில் மாறுகின்றன. மூன்று பேருக்கும் வயது இருபதைச் சுற்றித்தான் இருக்கும், மூவரையும் தொழில்முறை அணிகளின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம். சாதாரண முயற்சியில் அவுட் ஆக்கியிருக்கக் கூடியதா என்பதுதான் விதி கேட்கும் கேள்வி. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் கால் வேகமுள்ள ஒரு ஷார்ட்ஸ்டாப் மற்றவர்கள் கிட்டேகூடப் போக முடியாத பந்தைத் தாவித் தொட்டுவிட்டு நழுவவிட்டால், அவருக்கு எரர் போடுவது அநியாயம். தொடவே முடியாத சோம்பேறிக்கு எதுவும் ஆகாது, ஓடிப்போய்த் தொட்டவருக்குத் தண்டனையா? அதனால்தான் நான் பந்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபீல்டரின் கால்களைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். பந்து வரும்போது அவர் நின்று வாங்கினாரா, ஓடிக்கொண்டிருந்தாரா என்பதில் பாதி விடை இருக்கிறது.

கல்லூரி ஆட்டங்களில் இன்னொரு சங்கடம், ஸ்கோரரை ஏற்பாடு செய்வது பெரும்பாலும் சொந்த மைதானத்து அணிதான். சம்பளம் தருகிற அலுவலகமும் பிட்சரின் கோச்சும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் போன் வரும். நான் அறிந்த ஒரு கோச், தன் அணிக்காரர் யாருக்காவது ஹிட் கிடைக்காமல் போனால் அன்றிரவே வீடியோத் துண்டை அனுப்பிவிடுவார். நான் பார்ப்பேன். எதிரணி அனுப்பினாலும் அதே கவனத்தோடு பார்ப்பேன். வீடியோ வேறு கோணத்தில் வேறு விஷயத்தைக் காட்டினால் மாற்றுவேன், இல்லையென்றால் மாட்டேன். கேட்பவர் குரலின் சத்தத்தைப் பார்த்து ஒருமுறை மாற்றிவிட்டால் அப்புறம் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பே கிடையாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் ஆகலாம் என்பதற்கு 1987தான் உதாரணம். ஓக்லஹோமா ஸ்டேட் அணியின் ராபின் வென்ச்சுரா அந்த சீசனில் தொடர்ந்து 58 ஆட்டங்களில் ஹிட் அடித்தார். 1941ல் ஜோ டிமாஜியோ மேஜர் லீகில் வைத்த 56 என்ற எண்ணை ஒரு கல்லூரி மாணவர் தாண்டியிருந்தார். ஓமஹாவில் நடந்த கல்லூரி உலகத் தொடரில், ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக, ஜாக் மெக்டவல் பந்து வீசிய ஆட்டத்தில் தொடர் அறுந்தது. கடைசி வாய்ப்பில் வென்ச்சுரா இரண்டாம் பேஸ்காரரை நோக்கி அடித்து, பேஸுக்கும் போய்ச் சேர்ந்தார். ஸ்கோரர் எரர் என்றார். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான முதல் டிவிஷனில் அந்த 58 இன்றும் நிற்கிறது. மூன்றாம் டிவிஷனில் சால்வே ரெஜினா கல்லூரியின் டேமியன் கோஸ்டன்டினோ பின்னாளில் 60 ஆட்டங்கள் வரை போனார். அந்த ஸ்கோரரின் நாற்காலியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மைதானம் நிறையக் கூட்டம், நாடே பார்க்கும் தொடர், எல்லோருக்கும் பிடித்த பையன். 'ஹிட்' என்று சொல்லியிருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். அப்படியும் எரர் என்று எழுதிய அந்தக் கையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மற்ற 58 ஆட்டங்களையும் நம்பலாம் என்ற தைரியத்தை எனக்குத் தருவது அந்தக் கைதான்.

ஆட்டம் முடிந்ததும் கணக்கை நேர் செய்ய வேண்டும். கல்லாப்பெட்டியை மூடுமுன் கடைக்காரர் செய்கிற வேலை மாதிரிதான். ஓர் அணியிலிருந்து ஆட வந்தவர்களின் மொத்த முறைகள், அந்த அணி எடுத்த ரன், பேஸில் மிஞ்சி நின்றவர்கள், எதிரணி எடுத்த அவுட் இந்த மூன்றின் கூட்டலுக்குச் சமமாக வர வேண்டும். 7 ரன், 7 பேர் மிச்சம், 27 அவுட் (ஒன்பது இன்னிங், ஒவ்வொன்றிலும் மூன்று) என்றால் 41 முறை. 40 என்று வந்தால் எங்கோ ஒரு வாக் (பிட்சரின் மோசமான நான்கு பந்துகளால் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) விட்டுப்போயிருக்கிறது, தேடு. இப்போது மென்பொருளே சொல்லிவிடும், ஆனாலும் நான் காகிதத்திலும் கூட்டிப் பார்ப்பேன். பழைய புத்தகங்களைச் சரிபார்க்க எனக்கு இருக்கிற ஒரே ஆயுதம் இந்தக் கூட்டல்தான். அறுபது வருடத்துக்கு முன் யாரோ பென்சிலில் எழுதிய தாள் நேராகிவிட்டால், அவர் கவனமாக இருந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும், அவர் கையெழுத்தை அப்புறம் நம்பிப் படிக்கலாம்.

பிட்சர் கணக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 5.2 இன்னிங் என்றால் ஏறக்குறைய ஐந்தே கால் என்று நினைத்துவிடக் கூடாது, ஐந்து முழு இன்னிங்கும் இரண்டு அவுட்டும், அதாவது ஐந்தும் மூன்றில் இரண்டும். 5.2ஐயும் 3.1ஐயும் கூட்டினால் 9 வர வேண்டும். கம்ப்யூட்டரில் அப்படியே தட்டிக் கூட்டினால் 8.3 வரும். பல வருடங்களுக்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட வாழ்நாள் பட்டியல்களில் இந்த .3 எட்டிப்பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அங்கே ஈ.ஆர்.ஏ. வரிசையே கொஞ்சம் ஆடிப்போயிருக்கும்.

சரி, ஒவ்வொரு ஆட்டமும் நேரானால் போதுமா என்றால், போதாது. சாதனைப் பட்டியலில் என்னை அதிகம் உறுத்துவது மட்டைதான். கல்லூரிகளில் அலுமினிய மட்டையை 1974ல் அனுமதித்தார்கள். பந்து பறக்க ஆரம்பித்தது. 1998ல் கல்லூரி உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் சதர்ன் கலிபோர்னியா 21, அரிசோனா ஸ்டேட் 14. கடைசியில் 2011ல் மட்டையின் துள்ளலைக் கட்டுப்படுத்தும் புதிய தரம் வந்தது. முந்தைய ஆண்டு ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 0.94 ஹோம் ரன் அடித்த இடத்தில், அந்த ஆண்டு 0.52. 2014ல் 0.39 வரைக்கும் இறங்கியது. அதற்கு 2015ல் பந்தை மாற்றினார்கள். தையலின் உயரத்தை 0.048 அங்குலத்திலிருந்து 0.031 ஆகக் குறைத்ததும் காற்றின் தடை குறைந்து மறுபடி பறக்கத் தொடங்கியது. ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத வித்தியாசம்.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். 1985ல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பீட் இன்காவிலியா ஒரே சீசனில் 48 ஹோம் ரன். 2024ல் ஜார்ஜியாவின் சார்லி காண்டன் 37. பட்டியல் இதோடு நிறுத்திக்கொள்ளும், 48 மேலே, 37 கீழே. ஆனால் இன்காவிலியா ஆடியது 75 ஆட்டம், காண்டன் 60. இன்று வழக்கமான சீசனுக்கு 56 ஆட்டம்தான் உச்சவரம்பு. ஆட்டத்துக்கு இன்காவிலியா 0.64, காண்டன் 0.62. அதுவும் கட்டுப்படுத்தப்பட்ட மட்டையால். இன்காவிலியாவைக் குறைத்துச் சொல்லவில்லை, 143 ரன்களை உள்ளே கொண்டுவந்த சீசன் அது, இன்றும் படிக்கப் படிக்க மலைப்புதான். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது ஆட்டக் கணக்கும் மட்டையும் கூடவே இருக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். பிட்சர்களிலும் இதே கதை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் டெரெக் டட்சுனோ 1979ல் 234 பேரை ஸ்ட்ரைக் அவுட் (ஃபீல்டர்கள் உதவியில்லாமல் பிட்சரே வீழ்த்துவது) செய்தார், 20 வெற்றி. லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பால் ஸ்கீன்ஸ் 2023ல் 209. டட்சுனோ வீசியது சுமார் 175 இன்னிங், ஸ்கீன்ஸ் 123க்குச் சற்றுக் குறைவு. ஒன்பது இன்னிங்குக்கு எத்தனை என்று பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடும். ஆனால் இன்று எந்தக் கோச்சும் ஒரு மாணவரை 175 இன்னிங் வீச விடமாட்டார், டட்சுனோவின் தோள் தாங்கிய சுமையும் ஒரு சாதனைதான். எனக்கு அந்த 234ம் வேண்டும், 175ம் வேண்டும்.

2009ல் டெக்சஸும் பாஸ்டன் காலேஜும் 25 இன்னிங் ஆடிய ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரை, அதாவது ஆட்டத்தின் கணக்கு அட்டவணையை, புதிதாகச் சேரும் மாணவ உதவியாளர்களுக்கு நான் காட்டுவதுண்டு. ஏழு மணி நேரம் மூன்று நிமிடம், டெக்சஸ் 3-2. டெக்சஸின் ஆஸ்டின் வுட் நடுவில் வந்து 13 இன்னிங் வீசினார், 169 பந்து. ஸ்கோர் தாளில் அத்தனை கட்டங்கள் கிடையாது, ஒரு தாள் தீர்ந்து அடுத்த தாளில் தொடர வேண்டும். அந்த நள்ளிரவிலும் யாரோ ஒருவர் ஒவ்வொரு பந்தையும் குறித்திருக்கிறார், அதனால்தான் 169 என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது.

பட்டியலில் யாரை, எப்படிச் சேர்ப்பது என்பது எங்கள் அலுவலகத்தில் ஒரு உண்மையான வாக்குவாதமாகவே வந்தது. அறுபதுகளில் எங்கள் அணிக்கு ஆடிய ஒருவரின் மகள் போன் செய்து, வாழ்நாள் ஹிட் பட்டியலில் அப்பா பெயர் ஏன் இல்லை என்று கேட்டார். பெட்டிகளைப் பிரித்தோம். அவருடைய சீசன்களில் ஒன்றின் ஸ்கோர் புத்தகம் காணவில்லை. நூலகத்து மைக்ரோஃபிலிமில் உள்ளூர்ப் பத்திரிகையைத் தேடினால், சொந்த மைதானத்து ஆட்டங்களுக்குச் சுருக்கமான பாக்ஸ் ஸ்கோர் இருந்தது, எத்தனை முறை ஆடினார், எத்தனை ரன், எத்தனை ஹிட் என்ற அளவில். வெளியூர் ஆட்டங்களுக்கு அணியின் மொத்த ரன் மட்டும்தான். முழுமை இல்லாததால் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பது அலுவலகத்தின் பழைய வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. அவர் மரமட்டையால், இன்றையதைவிட மிகக் குறைந்த ஆட்டங்களில் அடித்த ஹிட்டுகளில் நமக்குக் கைவசம் ஆதாரம் உள்ளவையே பட்டியலின் கடைசி வரிசைக்காரரைத் தாண்டுகின்றன. தெரிந்ததை எழுதி, "குறைந்தபட்சம்" என்று போட்டு, எந்த சீசன் கிடைக்கவில்லை என்பதையும் கீழே சொல்லிவிடலாமே. புத்தகம் தொலைந்தது அலுவலகத்தின் குறை, அதற்கு ஆடியவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? பிரிவுத் தலைவர் கொஞ்ச நாள் யோசித்தார். அப்படிச் செய்தால் இன்னும் பலர் வருவார்களே என்றார். வரட்டும் என்றேன். கடைசியில் சம்மதித்தார்.

இப்போது எங்கள் ஹோம் ரன் பட்டியலிலும் ஹிட் பட்டியலிலும் ஆடிய ஆட்டங்கள் ஒரு பத்தியாக இருக்கின்றன, மரமட்டைக் காலத்து பெயர்களுக்குத் தனி அடையாளம் இருக்கிறது. பிட்சர்கள் பட்டியலை இந்தக் கோடையில் எடுத்திருக்கிறோம், ஒவ்வொரு இன்னிங்கையும் அவுட்டுகளாக மாற்றி முதலிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறோம். காணாமல் போன ஆண்டுகளுக்காக எதிரணிக் கல்லூரிகளின் தகவல் பிரிவுகளுக்கும், அந்தக் காலத்து வீரர்களுக்கும் எழுதி வருகிறோம். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு புத்தகங்கள் இருந்திருக்கும், ஒன்று எங்களுடையது, ஒன்று அவர்களுடையது. நாங்கள் தொலைத்ததை அவர்கள் பரணில் வைத்திருக்கலாம். சிலர் பதில் போட்டிருக்கிறார்கள், ஒரு கல்லூரி தன் புத்தகத்தை ஸ்கேன் செய்தே அனுப்பிவிட்டது. அதைக் கூட்டிப் பார்த்தோம், ஒவ்வொரு ஆட்டமும் நேராகிறது.